டாக்டர் பார்த்தாச்சு, இனி குதிரையை வாங்குவதா விடுவதா?

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரைக்குப் பல், கால், கண், நெஞ்சு எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் பார்த்து முடித்த பிறகுதான் பலருக்கும் குழப்பம். காரணம், கால்நடை மருத்துவர் பாஸ், ஃபெயில் என்று சொல்ல மாட்டார். இந்த இந்தக் குறை இருக்கிறது என்பார், முடிவு உங்கள் தலையில்.

அதனால் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "குதிரை நல்லா இருக்கா டாக்டர்?" என்றால் "பரவாயில்ல" என்றுதான் வரும். "கொடைக்கானல் ஏரியைச் சுற்றி, சீசனில் நாள் முழுக்க தார் ரோட்டில் ஆளை ஏற்றி நடக்கணும், தாங்குமா?" என்று கேட்டால் அவர் யோசிப்பார். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், ஆனால் தரை கெட்டி. அதே குதிரையைப் பூம்பாறைப் பக்கம் தோட்டத்தில் வைத்து ஏற்ற இறக்கத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு, ஏனென்றால் சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது, இறக்கத்தில் இன்னும் கூடும்.

ஆகவே ரிப்போர்ட்டில் முன்னங்கால் பற்றி எழுதியதை முதலில் படியுங்கள். காலை ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்து, விட்டதும் ஓடச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போது நாலு எட்டு நொண்டிவிட்டு நேராகிவிட்டால், வயதான, வேலை செய்து பழகிய குதிரைக்கு அது பெரிய விஷயமில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம். காலை மடக்காமலேயே, கெட்டித் தரையில் நேராக ஓடும்போது தலையை ஆட்டி ஆட்டி நொண்டினால் கதை வேறு. எங்கே வலி என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். குளம்பை இடுக்கியால் குதிகால் பக்கம் அழுத்தும்போது காலை இழுத்துக்கொண்டு, எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் நாவிகுலர் என்ற சின்ன எலும்பும் கெட்டிருந்தால், மலைக்கு அது வேண்டாம். என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை என்றால், முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாணைத் தடவிப் பாருங்கள். வில் மாதிரி புடைத்திருந்தால் பழைய காயம். ஸ்கேனில் ஆறியிருக்கிறது என்று தெரிந்தால் நடைக்கு ஆகும், பாய்ச்சலுக்கும் தாண்டுவதற்கும் ஆகாது. நான் முதலில் வாங்கியது இப்படி ஒன்று. டாக்டரைக் கூப்பிடாமல், மினுமினுப்பைப் பார்த்து மயங்கி, தரகர் நெற்றிச் சுழியைக் காட்டி ராஜ சுழி என்றதும் தலையாட்டி வாங்கினேன். ஆறு மாதத்தில் கால் வீங்கிவிட்டது. சுழி அப்படியே இருந்தது.

குளம்படியில் நடுவே முக்கோணமாக இருக்கும் மெத்தை கறுத்து நாறினால் பயப்பட வேண்டாம். மலையில் ஈரத்தில் நிற்கும் குதிரைக்கு வருவதுதான், சுத்தம் செய்து காயவைத்து லாடக்காரரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் இருமலை அப்படி விடாதீர்கள். பனியிலும் மழையிலும் இங்கே வைக்கோல் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அந்தத் தூசியில்தான் மூச்சிரைப்பு முற்றுகிறது. நெஞ்சை நிற்கும்போது மட்டுமல்ல, ஓடி முடித்ததும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சரி. லேசான இதய முணுமுணுப்பு, அதாவது துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் சத்தம், என்று எழுதியிருந்தால் உடனே ஓடாதீர்கள், ஓட்டத்துக்குப் பிறகு அது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வது 5 வயது வரை நம்பகமானது. 10 தாண்டினால் எல்லாரும் குத்துமதிப்புதான்.

இன்னொரு விஷயம், டாக்டர் உங்கள் ஆளாக இருக்கணும், விற்பவரின் ஆளாக இல்லை. மாடு மட்டுமே பார்ப்பவரைவிட ரேஸ் குதிரைகளைப் பார்த்துப் பழகியவர் கிடைத்தால் நல்லது, கீழேயிருந்து வரவழைக்கும் வண்டிச் செலவு பரவாயில்லை. அன்றைக்கே ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள். வலி மாத்திரை கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் அதில் தெரியும். கிளாண்டர்ஸ் சோதனையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், அது மனிதர்களுக்கும் தொற்றும் நோய். அதைச் செய்ய ஹரியானாவில் ஹிசாரில் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள், பேரம் பேச எதுவும் மிஞ்சாது.

சரி, குறை இருக்கிறது, ஆனால் மனசு கேட்கவில்லை என்றால், ஒரு தாளில் அந்தக் குறைக்கு வருஷத்துக்கு ஆகும் லாடம், மருந்து, டாக்டர் செலவு, அது வேலை செய்யாமல் கொட்டிலில் நின்று கொள்ளு தின்னும் நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தத் தொகையை மூன்று வருஷத்துக்குப் பெருக்கி விலையோடு கூட்டி, அந்தக் காசுக்கு வேறு குதிரை கிடைக்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் போய் நின்றால் வரிசையாகக் குதிரைகள். துண்டுக்குள் கை போட்டு விலை முடிக்கும் முன் "டாக்டர் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். சம்மதிக்கிறவரிடம் மட்டும் பேச்சைத் தொடருங்கள். ரத்த ரிப்போர்ட் கையில் வரும்வரை அட்வான்ஸ் தராதீர்கள், "வேற பார்ட்டி காத்திருக்காங்க" என்று சொன்னால் அவர்களுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.