மோல்மீனிலிருந்து முடோன்வரை, மெதுவாக

மியான்மரில் மோல்மீன் நகரிலிருந்து முடோன் ஊர்வரை சைக்கிளில் போக ஆசையா? முதலில் வேகத்தை மறந்துவிடுங்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். அப்படிப் போனால்தான் ரப்பர் தோட்டத்து நிழலும், கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் வாடையும் நமக்குக் கிடைக்கும். முடோன் பக்கம் மலைமேல் படுத்திருக்கும் பெரிய புத்தரையும் நின்று பார்க்கலாம்.

மழை விட்ட நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். விடியும்போதே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறுமுன் பாதித் தூரம் தாண்டிவிடும்.

சீட் உயரம் முக்கியம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

அப்புறம், இங்கே 1970 முதல் வலப்பக்கப் போக்குவரத்து. ஆனால் பல கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது. எதிரே லாரி வந்தால் ஓரம் ஒதுங்கிவிடுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். டீக்கடை மேசையில் இருக்கும் வெறும் தேநீருக்குக் காசு கேட்க மாட்டார்கள். உட்கார்ந்து, நிதானமாகக் குடியுங்கள்.