நமீபியா குழுப் பயணமா? இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று கேளுங்கள்

ஆப்பிரிக்க நாடான நமீபியாவைச் சாலை வழியே சுற்றிக்காட்டும் குழுப் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு இரவும் எங்கே தங்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். விலையைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நமீப் பாலைவனத்தில் இருக்கும் சொசுஸ்ஃப்ளே மணல்மேடுகளுக்கு செஸ்ரியம் என்ற பூங்கா வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே தங்குபவர்களுக்கு அது சூரிய உதயத்தில்தான் திறக்கும். உள்ளே தங்குபவர்கள் ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடலாம். அங்கிருந்து இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். வெளியிலிருந்து வருபவர்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். மேட்டின் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் நிழலாகவும் கிடக்கும் அந்த வெளிச்சம் போய்விடும். பக்கத்திலேயே இருக்கும் டெட்ஃப்ளேயின் வெள்ளைக் களிமண் தரையில் நிற்கும் பட்ட மரங்களையும் சூடு ஏறும் முன் பார்ப்பதே சுகம்.

எட்டோஷா வனவிலங்குப் பூங்காவிலும் இதே கதைதான். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஒகாகுவேயோ முகாமில் தங்கினால், இரவில் விளக்கு போட்ட நீர்நிலைக்குக் கருப்புக் காண்டாமிருகம் வருவதைக்கூடப் பார்க்க வாய்ப்புண்டு. வெளியே தங்குபவர்கள் பொழுது சாய்வதற்குள் கிளம்பியாக வேண்டும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழை அநேகமாக இருக்காது. மற்ற இடங்களில் தண்ணீர் வற்றுவதால் விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும். ஆனால் ஜூன், ஜூலை இரவுகள் நன்றாகவே குளிரும், பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். அப்புறம், பெரும்பாலும் சரளைச் சாலைதான். கேமராவைத் தூசி புகாத பையில் வையுங்கள்.