ஜன்னல் இடுக்கில் ஃபோம் அடிப்பது எப்படி: கடலோர வீட்டுக்காரர்களுக்கு

ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக் கட்டிலைத் தட்டாமல் படுக்க முடியாது. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருக்கும், ஆனாலும் மெத்தை மேல் மணல். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்குதான் காரணம். கொத்தனார் அதில் இரண்டு தடவை சிமெண்ட் பூசினார். மரம் ஊதிச் சுருங்குவதால் இரண்டு தடவையும் விரிசல் விட்டது. அதற்குப் பிறகுதான் ஹார்டுவேர் கடையில் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் கேன் வாங்கினேன். அடித்ததும் நுரையாகப் பொங்கி, இறுகி இடுக்கை அடைக்கும் பொருள் அது.

முதலில் இடுக்கைக் கண்டுபிடியுங்கள். காற்று அடிக்கிற நாளில் ஃபேனையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஏற்றி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை வளைகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு. ஏ.சி.யின் காப்பர் பைப் சுவரைத் தாண்டும் ஓட்டையையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அதில் பல்லி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.

கண்ட ஓட்டையை எல்லாம் அடைத்துவிடாதீர்கள். சமையலறையில் காற்று போக விட்ட திறப்பு, ஏ.சி. தண்ணீர் வடியும் குழாயின் வாய், சுவிட்ச் பாக்ஸ், இவை மூன்றும் வேண்டாம். ஏ.சி. இல்லாத ஷீட் வீடாக இருந்தால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் விட்டுவிடுங்கள். சூடு வெளியே போகிற வழியே அதுதான், அதை அடைத்தால் மத்தியானம் உள்ளே உட்கார முடியாது.

சுத்தம் செய்வதில் சோம்பல் படாதீர்கள். நம் ஊர்ச் சுவரில் உப்பும் தூசியும் படிந்திருக்கும், அதன் மேல் அடித்தால் ஃபோம் பிடிக்காமல் அப்படியே கழன்று வரும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், ஒரு சொம்பு நல்ல தண்ணீரைச் செலவழியுங்கள். இரும்பு ஜன்னல் என்றால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட வேண்டும். அரை அங்குலத்துக்கும் குறைந்த கீறலுக்கு சிலிக்கான் போதும். மூன்று விரல் நுழைகிற ஓட்டைக்குள் முதலில் தெர்மாகோல் துண்டைத் திணித்துக்கொள்ளுங்கள்.

இனி அடிக்கலாம். ஊதுபத்தி அணைந்துவிட்டதா என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கேனுக்குள் இருப்பது தீப்பிடிக்கும் வாயு. அடுப்பு, சாமி விளக்கு எல்லாம் அணைந்திருக்க வேண்டும், கதவைத் திறந்து வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள். ராமநாதபுரத்தில் வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்து உச்சிவெயிலில் கொண்டு வருவதும் கூடாது.

இடுக்கில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், ஃபோம் இறுகுவதற்கு ஈரம் வேண்டும். கேனை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, குழாயை மாட்டி, தலைகீழாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் வாயு மட்டும் போய்விடும், மருந்து உள்ளேயே தங்கிவிடும். குழாய் நுனியை இடுக்கின் ஆழத்தில் வைத்து, விசையை லேசாக அழுத்திக்கொண்டே பின்னால் இழுத்து வாருங்கள்.

மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள். கை கேட்காது, காலியாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித் தெரிந்துதான் விளிம்பு வரை நிரப்பினேன். காலையில் பார்த்தால் பணியாரம் மாதிரி பொங்கி நிற்கிறது. சட்டம் உள்பக்கம் வளைந்து ஜன்னல் கதவு சாத்தவே இல்லை. ஒரு மாதம் கயிறு கட்டி வைத்திருந்தோம். குறைந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், அதிகமானால் இழைப்புளி வைக்க தச்சரைத்தான் கூப்பிட வேண்டும்.

கையிலோ தரையிலோ பட்டால் பதறித் தேய்க்காதீர்கள், இன்னும் பரவும். தரையில் பட்டதை ஈரமாக இருக்கும்போதே அசிட்டோன் நனைத்த துணியால் எடுத்துவிடலாம். காய்ந்துவிட்டால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. திறந்த கேனின் வாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதனால் எல்லா இடுக்கையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

ஒரு நாள் விட்டு, பிதுங்கியதைக் கட்டரால் சுவர் மட்டத்துக்கு அறுங்கள். துகள்களைப் பழைய பேப்பர் விரித்துப் பிடித்துக் குப்பையில் கட்டிப் போடுங்கள். நம் வாசலில் பறந்தது நேரே கடலில்தான் விழும், மன்னார் வளைகுடாவில் ஏற்கெனவே பிளாஸ்டிக் குறைவில்லை. வெளிப்பக்கம் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி உதிரும்.

அப்புறம் கச்சான் அடிக்கிற ஒரு நாளில் மறுபடி ஊதுபத்தி காட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஜன்னலோரம் புகை நேராக எழுந்தது, கதவின் அடியில் மட்டும் இன்னும் வளைகிறது. திறந்து மூடுகிற இடத்துக்கு ஃபோம் சரிப்படாது, ரப்பர் பட்டைதான் ஒட்ட வேண்டும்.