‘நாளைக்குப் பாருங்க’ என்ற ஏட்டையா

நெல்லை புதிய பஸ் ஸ்டாண்டில் இருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் போன் தொலைந்தது. அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, தொலைந்த போன்களை முடக்கும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்க உட்கார்ந்தால் ஓ.டி.பி. வரவே இல்லை. கால் மட்டும் நன்றாக வருகிறது.

முதலில் போன ஸ்டேஷனில் “எங்க லிமிட் இல்ல” என்றார்கள். அடுத்ததில் ஏட்டையா ஒருவர் மனுவை வாங்கி, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. கடை பில்லில் இருந்தது, இரண்டு சிம் போன் என்பதால் இரண்டு எண்கள்.

ஓ.டி.பி. விஷயத்தைச் சொன்னேன். “நாளைக்குப் பாருங்க அண்ணாச்சி” என்றார். போலீஸ்காரர் வாயில் அந்த வார்த்தை வந்தால் என்ன நினைப்போம்? தட்டிக்கழிக்கிறார் என்று மறுநாள் காலையிலேயே அதே நம்பருக்கு வேறு சிம் மாற்றினேன். வரவில்லை. மூன்றாம் நாள் இன்னொன்று.

திரும்பப் போனதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “சிம் எப்ப வாங்குனீய?”

மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராதாம், மோசடியைத் தடுக்க. நானோ தினமும் சிம் மாற்றி அந்தக் கணக்கை முதலில் இருந்து தொடங்கியிருக்கிறேன்! அன்று சும்மா இருந்தேன். மறுநாள் ஓ.டி.பி. வந்தது, சி.எஸ்.ஆர். நகலை ஏற்றினேன், போன் முடங்கியது.