சித்திரைக்குக் காத்திருக்காதீர்கள்: மாடியில் வத்தல், வடகம் போடும் முறை

மதுரைப் பக்கம் பலரும் பிள்ளைகளுக்கு லீவு விடட்டும் என்று சித்திரை வரை பொறுத்திருந்து வத்தல் போடுகிறார்கள். அங்கேதான் பிசகு. சித்திரையில் வெயில் கூடுதல்தான்; ஆனால் மதியம் வரை கொளுத்திவிட்டு நாலு மணிக்கு மேல் இடி மழை இறங்குவதும் அந்த மாதத்தில்தான். பாதி காய்ந்த கூழ் வடகம் நனைந்தால் மாட்டுக் கழனித் தொட்டிக்குத்தான் போகும். மாசி பாதியில் காலைப் பனி விலகும். அங்கிருந்து பங்குனி கடைசி வரை உள்ள நாற்பது, நாற்பத்தைந்து நாள்தான் நமக்கான வெயில். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் புத்தகத்தோடு மாடி நிழலில் உட்கார வைத்தால் காக்கை விரட்டவும் ஆள் ஆயிற்று.

அந்த வெயிலுக்குக் காய் வேண்டுமென்றால் செடி வேலை ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும். மிளகாய் விதையை ஐப்பசி கடைசியில் குழித்தட்டில் போட்டு, மழைச்சாரல் அடிக்காத இடத்தில் வையுங்கள். நாற்பது நாளில் நாற்று தயார். மார்கழியில் 12 அங்குலப் பைக்கு ஒரு செடி. செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நட்டு இரண்டு மாதம் கழித்துப் பச்சைக் காய் பறிக்கலாம். மாசி கடைசிக்குச் சரியாக வரும்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பாருங்கள். மேல் நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ் நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பூச்சி. ஆரம்பம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய வைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். குருத்து முழுக்கச் சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டால் மருந்து தேடாமல் பிடுங்கி எறிவதே நல்லது.

மணத்தக்காளிக்கு இவ்வளவு பாடு இல்லை. பழுத்த பழத்தைப் பிசைந்து கார்த்திகையில் தூவினால் தானாக வரும். சுண்டையைத் தொட்டியில் வைப்பது வீண்; கத்தரிக்கு ஒட்டுக் கட்ட வேர்ச்செடியாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவு முரட்டு வேர். கொல்லையில் தரையில் ஒன்று நின்றால் வீட்டுக்குப் போதும். வத்தலுக்குத் தேவையான ஒரு கிலோ மிளகாய் ஒரே நாளில் வீட்டுச் செடியில் கிடைப்பது அபூர்வம். குறைகிறதை உழவர் சந்தையில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999-இல் நம்ம மதுரை அண்ணா நகரில் திறந்ததுதான். விடிகாலையில் போனால் காம்பு பச்சையாக இருக்கிற காயைப் பொறுக்கி எடுக்கலாம்.

கூழ் வடகம்

இட்லி அரிசி ஒரு கிலோ, ஜவ்வரிசி 100 கிராம். தனித்தனியாக நாலைந்து மணி நேரம் ஊற வைத்து, சேர்த்து வெண்ணெய் போல அரைத்து, இரவு முழுக்க வையுங்கள். லேசான புளிப்பு ஏறினால் போதும். பச்சை மிளகாய் பதினைந்து முதல் இருபது, கல் உப்பு 40 கிராம், கொஞ்சம் பெருங்காயம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். சீரகம் இரண்டு தேக்கரண்டி. அதை அரைக்க வேண்டாம்.

தண்ணீர் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. கரண்டியால் ஊற்றும் வடகத்துக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு, அரைக்க விட்டதையும் சேர்த்து ஆறு டம்ளர். முறுக்கு உழக்கில் பிழிவதற்கு மூன்று. அடி கனத்த பாத்திரத்தில் தண்ணீரும் மிளகாய் விழுதும் நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒருவர் மாவை ஊற்ற இன்னொருவர் கை விடாமல் கிண்ட வேண்டும். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. மாவின் வெள்ளை மாறிக் கண்ணாடி போலப் பளபளப்பு வரும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அதற்கு முன் இறக்கினால் காய்ந்த பிறகு வடகம் விண்டு பொடியாகும். சீரகத்தைப் போட்டு இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்ததும் மூன்று எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

உப்பை மட்டும் கூழின் ருசி பார்த்துப் போடாதீர்கள். கூழில் பாதி உப்பு தெரிந்தால் போதும். தண்ணீர் வற்றியதும் அது கூர்மையாகிவிடும். கூழில் சரியாக இருந்தால் வடகம் வாயில் வைக்க முடியாது.

விடிகாலையில் கிண்டி ஏழரைக்குள் ஊற்றி முடித்தால் முதல் நாள் வெயில் முழுசாகக் கிடைக்கும். நைந்த பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். நைலான் சேலை வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. பிளாஸ்டிக் தாளில் உரிப்பது சுலபம். ஆனால் அடிப்பக்கம் வேர்க்கும், அன்று சாயந்தரமே திருப்பிப் போட்டாக வேண்டும். துணியில் ஊற்றியதை மறுநாள் உரிக்கும்போது துணியைத் தலைகீழாகப் பிடித்துப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் விட்டுவிடும். பிய்த்து இழுத்தால் ஓரம் உடையும். பிறகு மூன்று நாள் தாம்பாளத்தில் காயட்டும். ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும். எண்ணெயில் போட்டு நடுவில் மட்டும் பொரியாமல் கல் போல நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இன்னொரு வெயில் காட்டுங்கள்.

மோர் மிளகாய்

ஒரு கிலோ மிளகாய்க்கு நன்றாகப் புளித்த தயிர் முக்கால் லிட்டர், அதே அளவு தண்ணீர், கல் உப்பு 150 கிராம். மிளகாயைக் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். காம்பைப் பாதி விட்டு, நுனியில் இரண்டு சென்டிமீட்டர் கீறுங்கள். கீறல் உள்ளே எட்டாவிட்டால் மோர் ஏறாது. அந்தக் காய்தான் பின்னால் பூசணம் பிடிக்கும், எண்ணெயில் வெடிக்கும். பீங்கான் ஜாடியோ மண்பானையோ நல்லது. அலுமினியம் கூடவே கூடாது, புளிப்பும் உப்பும் அதை அரிக்கும்.

இரண்டு இரவு ஊறட்டும், காலையும் மாலையும் குலுக்கிவிடுங்கள். மூன்றாம் நாள் காலையில் காயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, சாயந்தரம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் ஜாடியையும் மெல்லிய துணி கட்டி வெயிலில் வையுங்கள். மூன்று நாலு நாளில் மோர் முழுக்க ஏறிவிடும். அதற்குப் பிறகு நாலைந்து நாள் வெறும் வெயில். காயை ஆட்டினால் விதை குலுங்க வேண்டும்.

புளிக்காத மோரில் போடுகிறவர்கள் உண்டு. காரம் அடங்காது, வாசமும் வராது.

சுண்டைக்காயும் இதே வழிதான். அம்மியில் வைத்துக் கல்லால் லேசாகத் தட்டிப் பிளந்தவுடன் உப்பு மோரில் போட்டுவிட வேண்டும். காற்றில் வைத்தால் கறுக்கும். தட்டியதை அலசி விதையில் பாதியைக் கழித்தால் கசப்பு குறையும். மணத்தக்காளியைப் பச்சைக் காயாகவே பறித்து, முழுசாகப் போடலாம்.

காய்ந்த எதையும் வெயிலில் இருந்து சூட்டோடு டின்னில் அடைக்காதீர்கள். உள்ளே வேர்த்து, பத்து நாளில் வெள்ளைப் பூசணம் தெரியும். ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். டின்னைக் கழுவியிருந்தால் அதையும் வெயிலில் காய வையுங்கள். எடுக்கும் கை ஈரமாக இருக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது. பாதி வத்தல் கெடுவது இதனால்தான். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், புரட்டாசியில் நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாள் பார்த்து எல்லாவற்றையும் கொட்டி அரை நாள் காய வைத்து, ஆற விட்டுத் திரும்ப அடையுங்கள். அடுத்த மாசி வரை தாங்கும்.