ஊர் சேர்ந்து துவரை விற்பது எப்படி? ஆனைகட்டி, அட்டப்பாடிப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடைக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைகட்டி, அந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரண்டு பக்கமும் இருளர் ஊர்கள்தான். பயிர் ஒன்று, சந்தை ஒன்று, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் தங்களுக்குள்ளேயே. அலுவலகங்கள் மட்டும்தான் வேறு வேறு. இந்த ஊர்களில் படிப்பை முடித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகள் சங்கம் ஆரம்பிப்பதைப் பற்றிப் பேச வந்தால், முதல் கேள்வியே "எங்கே பதிவு செய்யணும்?" என்பதாக இருக்கிறது. பதிவு பிறகு வரட்டும். ஒரு பருவம், ஒரே பயிர், அதை ஊரே சேர்ந்து எடை போட்டு விற்றுப் பாருங்கள். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஊரில் உட்கார்ந்து கேட்பது

அட்டப்பாடி ஊர்களில் மூப்பன் (ஊர்த் தலைவர்), வண்டாரி (பொருளாளர்), குறுதலை (மூப்பனின் உதவியாளர்), மண்ணுக்காரன் (விவசாயப் பொறுப்பாளர்) என்று பொறுப்புகள் உண்டு. விதைப்பு தொடங்குவது மண்ணுக்காரன் கையால். அவரை விட்டுவிட்டு விவசாயக் கூட்டம் போட்டால் ஆள் வருவார்கள், தலையாட்டுவார்கள், விளைநிலமான காட்டில் எதுவும் மாறாது. அதனால் முதலில் மூப்பனிடமும் மண்ணுக்காரரிடமும் போய்ப் பேசுங்கள், அப்புறம் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். விதையைக் காய வைத்து, செம்மண் கட்டி, அடுத்த பருவம் வரை வண்டு விழாமல் காப்பாற்றுவது பெரும்பாலும் அவர்கள்தான். எந்த வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நோட்டு எடுத்து வீடு வீடாக நான்கு விஷயம் எழுதுங்கள். என்ன விளைந்தது, வீட்டுக்கு எவ்வளவு வேண்டும், மீதியை யாரிடம் விற்றார்கள், அந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா. நான்காவது கேள்விக்கு முதல் நாளே உண்மையான பதில் வராது. கடனைப் பற்றி ஊர் முன்னால் யாரும் பேசமாட்டார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது கேள்வியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2013-ல் அட்டப்பாடியில் ஊட்டச்சத்துக் குறைவால் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. ராகியும் சாமையும் தினையும் துவரையும் அவரையும் கீரையும் கலந்து விளைந்த பஞ்சக்காடு சுருங்கி, கடை அரிசியை நம்பி வாழும் நிலை வந்ததை அப்போது பலரும் சுட்டிக்காட்டினார்கள். பிறகு கேரள அரசே சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவரத் திட்டம் போட்டது. ஆகவே நீங்கள் தொடங்கும் கொள்முதல், வீட்டுப் பானையில் இருப்பதைச் சந்தைக்கு இழுத்துவிடக் கூடாது. வீட்டுக்கும் விதைக்கும் எடுத்து வைத்தது போக மீதியைத்தான் வாங்குவோம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: ஒரு பயிர்

துவரையில் தொடங்கச் சொல்வேன். மானாவாரியில் வரும், தை மாசியில் காய்ந்து கைக்கு வரும், நன்றாகக் காய வைத்தால் மூட்டையிலேயே இருக்கும். அட்டப்பாடித் துவரைக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெள்ளைத் தோல், பெரிய மணி, பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தப் பெயரைப் பையில் அச்சடித்து விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்க வேண்டும். முதல் வருடம் அதில் தலையிட வேண்டாம்.

சாமையை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். உமி நீக்க இயந்திரம் வேண்டும், அரிசியாக்கிய பிறகு அதிக நாள் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

மூன்றாம் படி: தராசு

என்னைக் கேட்டால் சங்கம் என்பதே இதுதான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு சரியான தராசு. மூட்டைக்கு இவ்வளவு சாக்குக் கழிவு, ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று எழுத்தில் இல்லாத கழிவுகளால்தான் இந்த விவசாயிகள் வருடா வருடம் இழக்கிறார்கள். விலையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு எடையில் அதைவிட அதிகமாக எடுத்துவிட முடியும், அது யார் கண்ணுக்கும் தெரியாது.

மின்னணுத் தராசு ஒன்று வாங்கி அரசு முத்திரை போடுங்கள். ஒவ்வொரு வருடமும் மறுமுத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை, கேரளத்தில் இதற்கென்றே தனியாக அளவைத் துறை இருக்கிறது. கொள்முதல் நாள் காலையில், கடையில் வாங்கிய, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐந்தை அடுக்கித் தராசில் வைத்து எல்லோருக்கும் காட்டுங்கள். உறையின் எடை சில கிராம் கூடக் காட்டும், அதையும் சொல்லிவிடுங்கள். காலிச் சாக்கையும் தனியாக நிறுத்து, அந்த எடையை மட்டும் கழியுங்கள்.

ஈரம் பார்க்கக் கருவி இல்லையென்றால் பழைய வழி இருக்கிறது. பல்லில் வைத்துக் கடித்தால் மணி நசுங்காமல் "கடக்"கென்று உடைய வேண்டும். இன்னொன்று: காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி துவரை, கொஞ்சம் பொடி உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் ஈரம் நிறைய இருக்கிறது. ஒட்டவில்லை என்பதற்காக உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள், பருப்பு வகை இன்னும் காய வேண்டும், பத்து சதவீத அளவுக்கு ஈரம் இறங்கினால்தான் மாதக்கணக்கில் தாங்கும். ஈரத் துவரையை எடை குறைத்து வாங்காதீர்கள். "அக்கா, இன்னும் ரெண்டு வெயில் காட்டிக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புங்கள். வருத்தப்படுவார்கள்தான், ஆனாலும் கழிவு என்ற பேச்சுக்கே அப்போது இடம் இருக்காது.

ரசீது கார்பன் வைத்து இரண்டு பிரதி. பெயர், எடை, விலை, கொடுத்த தொகை, பாக்கி, அவ்வளவுதான். படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள்.

நான்காம் படி: அன்றைக்கே பணம்

இங்கேதான் நிறைய முயற்சிகள் படுத்துவிடுகின்றன. வியாபாரியின் பலம் அவர் கொடுக்கும் விலையில் இல்லை, ஆனி ஆடியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் போய்க் கேட்டாலும் ஐநூறு ரூபாய் கொடுக்கிறார் பாருங்கள், அதில் இருக்கிறது. அந்தக் கடனுக்காகத்தான் தையில் துவரை அவர் வீட்டுக்குப் போகிறது. நீங்கள் "நல்ல விலை தருகிறோம், விற்ற பிறகு ஒரு மாதத்தில் பணம்" என்றால் வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்களால் காத்திருக்க முடியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கணக்குப் போடுவோம். முப்பது குடும்பம், ஆளுக்கு 40 கிலோ என்றால் 1,200 கிலோ. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த துவரை ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். அந்த விலையில் 96,000 ரூபாய் கையில் வேண்டும். அன்றைக்கே 70 சதவீதம், விற்ற பிறகு மீதி என்று ஊர் ஒப்புக்கொண்டால் 67,200 போதும். இந்தப் பணத்துக்குப் பெண்கள் சுய உதவிக் குழுவின் சேமிப்பு, உறுப்பினர் பங்குத் தொகை, வாங்குபவர் கொடுக்கும் முன்பணம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சேரவில்லையா, 1,200 கிலோ வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை கிலோவோ அத்தனை கிலோ மட்டும்.

வியாபாரியிடம் கடன் இருப்பவர்களை அவரை ஏமாற்றிவிட்டு வரச் சொல்லாதீர்கள். பாதியை அவருக்குக் கொடுத்துக் கடனைக் கழிக்கட்டும், பாதி உங்களிடம் வரட்டும். அடுத்த வருடத்துக்குள் சங்கத்தில் சின்னதாக ஒரு அவசரக் கடன் நிதி வைக்கப் பாருங்கள்.

ஐந்தாம் படி: அதிகாரிகளை ஊருக்குக் கூட்டி வருவது

கேரளப் பக்கம் அகளி, புதூர், சோலையூர் என்று பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்). தமிழ்நாட்டுப் பக்கம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், உங்கள் ஊருக்குப் பொறுப்பான உதவி வேளாண்மை அலுவலர். வேளாண் அறிவியல் நிலையம் தமிழ்நாட்டுப் பக்கத்துக்குக் காரமடையில், கேரளப் பக்கத்துக்குப் பட்டாம்பியில். போக முடியாதபோது 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்துக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம். மானியமும் விதையும் நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் கிடைக்கும், பேருந்துச் செலவு பண்ணி மாற்றுப் பக்கம் அலைய வேண்டாம். வன உரிமைப் பட்டா வைத்திருப்பவர்கள் அதன் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்கவோ வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கவோ முடியாது என்பது 2006 சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டி அடமானக் கடன் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

அலுவலரை அழைக்கும்போது "பயிற்சி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். காய் துளைக்கும் புழு வந்த துவரைக் கிளையை ஒடித்துக் கையில் கொண்டுபோய்க் காட்டி, இதற்கு என்ன செய்வது என்று கேளுங்கள். வேலை முடிந்து எல்லோரும் ஊருக்குத் திரும்பிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். புது ரக விதை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள், பழைய விதையை மட்டும் யாரும் கைவிட வேண்டாம். மழை பிந்திய வருடத்தில் எது நின்றது என்று மண்ணுக்காரருக்குத் தெரியும், அலுவலரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து அதைப் பேச விடுங்கள்.

ஆறாம் படி: பதிவு

ஒரு பருவம் முடிந்து, கணக்கு தீர்ந்து, மறுபடியும் செய்யலாம் என்று ஊரே சொன்னால் அப்போது பதிவைப் பற்றி யோசிக்கலாம். பக்கத்தில் பழங்குடியினருக்கான லேம்ப்ஸ் (பெரும் பல்நோக்கு) கூட்டுறவுச் சங்கம் செயல்படுகிறது என்றால் புதிதாக ஒன்று எதற்கு, அதிலேயே உறுப்பினராகச் சேர்ந்து கேள்வி கேளுங்கள். புதிய கூட்டுறவுச் சங்கம் என்றால் மாநிலச் சட்டம், மாநிலப் பதிவாளர். கேரளத்தில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 25 பேர் வேண்டும். விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் மத்தியக் கம்பெனிச் சட்டத்தில் வருவதால் பத்துப் பேர் போதும், இயக்குநர்கள் குறைந்தது ஐந்து. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் ஒன்றாகச் சேர இதுதான் வசதி.

ஆனால் வருடா வருடம் தணிக்கை செய்து கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பதிவு செய்து தரும் ஆளிடம் பதிவுச் செலவை மட்டும் கேட்காமல், மூன்று வருடத் தணிக்கைக்கும் தாக்கலுக்கும் என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையைத் துவரை லாபத்தில் இருந்து கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். ரசாயனம் போடாத ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலே பி.ஜி.எஸ். இந்தியா என்ற இயற்கை வேளாண்மைச் சான்று முறையில் குழுவாகி, ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துச் சான்றளித்துக்கொள்ளலாம். இங்கே பல காடுகளில் உரமே போட்டதில்லை, அதற்கு ஒரு காகிதம் கையில் இருந்தால் கோவையில் இயற்கை அங்காடி நடத்துபவர்களிடம் விலை பேச வசதி. இரண்டு கிலோ மாதிரியோடு போங்கள், மூப்பனையோ குழுவில் ஒரு அக்காவையோ கூட்டிப் போங்கள், பேரம் அவர்கள் காதில் விழட்டும்.

விற்றுத் திரும்பிய வாரமே ஊர்க் கூட்டம் போட்டு, எவ்வளவுக்கு விற்றது, வண்டி வாடகை எவ்வளவு, சாக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நோட்டை உரக்கப் படியுங்கள். மீதித் தொகையை அங்கேயே ரசீதைப் பார்த்து ஒவ்வொருவர் கையிலும் எண்ணிக் கொடுங்கள், அப்புறம் நோட்டை மூப்பன் வீட்டில் வைத்துவிடுங்கள், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும்.