உங்கள் வாழ்க்கைக்கு ஒரு தொலைநோக்கு வாசகம் எழுதுவது எப்படி?

தொலைநோக்கு வாசகம் என்பது இலக்குகளின் பட்டியல் அன்று. வீடு வாங்குவது, பதவி உயர்வு பெறுவது எல்லாம் இலக்குகள், நிறைவேறியதும் முடிந்துபோகும். எப்படிப்பட்ட மனிதராக, எதற்கு முதலிடம் கொடுத்து வாழப்போகிறீர்கள் என்பதை நான்கைந்து வரிகளில் சொல்வதே தொலைநோக்கு வாசகம். ஒரு தாளும் பேனாவும் போதும். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

முதல் படி: பின்னோக்கிப் பாருங்கள்

பலரும் எடுத்த எடுப்பிலேயே எதிர்காலத்தைக் கற்பனை செய்யத் தொடங்குகிறார்கள். அப்போது பெரும்பாலும் மற்றவர்களின் கனவுகளே தாளில் வந்து விழுகின்றன. ஆகவே, நடந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். நேரம் போனதே தெரியாமல் எதைச் செய்தீர்கள்? யாரும் பாராட்டாதபோதும் எதை விடாமல் செய்தீர்கள்? எந்த அநியாயத்தைக் கண்டு உங்களுக்குக் கோபம் பொங்கியது? கோபத்தைப் பற்றிய கேள்வியைத் தவிர்த்துவிடாதீர்கள். நாம் எதை மதிக்கிறோம் என்பதை அதுதான் மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாம் படி: பெயர்ச்சொல்லைச் செயலாக மாற்றுங்கள்

விடைகளைப் படித்தால் நேர்மை, சுதந்திரம், அன்பு போன்ற சொற்கள் தலைகாட்டும். அவற்றை அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை. அமெரிக்க அரசியல் தலைவரும் அறிவியலாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் தமக்கென 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டபோது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டளையையும் எழுதினார். மௌனம் என்பதற்கு அவர் எழுதிய கட்டளை, பிறருக்கோ தமக்கோ பயன் தராததைப் பேசக்கூடாது என்பது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ‘நேர்மை’ என்று எழுதியிருந்தால், ‘தவறு நேர்ந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்’ என்று விரித்து எழுதுங்கள். மூன்று அல்லது நான்கு பண்புகள் போதும்.

மூன்றாம் படி: ஒரு சாதாரண நாளை எழுதுங்கள்

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வரும் ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விருது வாங்கும் நாள் வேண்டாம். காலையில் எங்கே கண்விழிக்கிறீர்கள், யாருடன் பேசுகிறீர்கள், எந்த வேலை செய்கிறீர்கள், மாலையில் என்ன செய்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். வாழ்க்கையின் பெரும்பகுதி இத்தகைய நாட்களால் ஆனது. வாசகம் இவற்றுக்குத்தான் பொருந்த வேண்டும்.

நான்காம் படி: வரைவு

தன்மையில் (‘நான்’ என்ற நிலையில்), நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘வெற்றிகரமாகவும் மகிழ்ச்சியாகவும் வாழ்வேன்’ என்ற வரி யாருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் உதவாது. ஓர் ஆசிரியர் இப்படி எழுதலாம்:

“கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் போகும்படி கற்பிக்கிறேன். மாலை நேரத்தை வீட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறேன். வரவுக்குள் வாழ்கிறேன், அதனால் மனம் ஒப்பாத வேலையை மறுக்க என்னால் முடிகிறது.”

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அது ஒரு விருப்பத்தைச் சொல்வதோடு, அதற்குத் தரும் விலையையும் சொல்கிறது.

ஐந்தாம் படி: சோதனை

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும், ‘இதனால் நான் எதை வேண்டாம் என்பேன்?’ என்று கேளுங்கள். விடை கிடைக்காத வரி வெறும் அலங்காரம், அடித்துவிடுங்கள். பிறகு, கடந்த வாரத்தை எப்படிச் செலவழித்தீர்கள் என்று எழுதி, வாசகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். எங்கிருந்து தொடங்குவது என்பது அங்கேதான் தெரியும்.

இனிய கனவில் மட்டும் திளைப்பவர்களின் முயற்சி குறைந்துபோகிறது என்பதை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் தம் ஆய்வுகளில் கண்டார். கனவோடு குறுக்கே நிற்கும் தடையையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் அவர். ஆகவே, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு தடையையும் அதற்கான பதிலையும் எழுதுங்கள்: ‘மாலையில் அலுவலக அழைப்பு வந்தால், மறுநாள் காலை பேசுவதாகச் சொல்வேன்.’

ஆறாம் படி: வைத்திருப்பது

தினமும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. உங்களை நன்கறிந்த ஒருவரிடம் மட்டும் படித்துக் காட்டி, ‘இது நான்தானா?’ என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையும், வேலை மாற்றம், திருமணம், இழப்பு போன்ற பெரிய திருப்பங்களின்போதும் திருத்துங்கள். பழைய தாளைக் கிழிக்காமல், தேதியிட்டு ஓர் உறையில் வையுங்கள். அடுத்த முறை திருத்தும்போது முதல் படியின் கேள்விகளுக்கு அதுவும் ஒரு விடையாகும்.